எல்லைக்கோட்டு ஊர்கள் - 9: சூடு ஆறுவதற்குள்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வீடுகளில் மாசம் திகையாமல் வலி கண்டுவிட்டால் அடுத்த பேச்சு, “எஸ்.ஏ.டி.க்குப் போயிரலாமா?” என்பதுதான். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள ஸ்ரீ அவிட்டம் திருநாள் ஆஸ்பத்திரி அது. ஆறு வயதில் இறந்த திருவிதாங்கூர் இளவரசன் ஒருவனின் நினைவாக 1952இல் எழுந்தது. களியக்காவிளைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியும் உண்டு.

பாறசாலையிலிருந்து எஸ்.ஏ.டி.க்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலைக் கடந்தாக வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கருவிகளைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. எனக்கு இந்தச் சாலைமீதுதான் கண்.

இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த பிள்ளை. ஒன்றரைக்குக் கீழே போனால் கவலை கூடும். எடைக்கு மிஞ்சிய தோல்பரப்பு, அடியில் கொழுப்பு இல்லை, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் தெரியாது. உடல்வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இருக்கும் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் சூட்டுக்கே செலவழித்துவிடும். அப்புறம் மூச்சு தடுமாறும். குளிர்ந்துபோய் வந்து சேரும் பிள்ளைக்கு வென்டிலேட்டரும் பாதிப் பலன்தான் தரும்.

அதனால், முடிந்தவரை பிள்ளையை வயிற்றிலேயே வைத்து அனுப்புங்கள் என்கிறார்கள் டாக்டர்கள். கிளம்புமுன் தாய்க்கு ஓர் ஊசி. இதன் கதை நியூசிலாந்தில் தொடங்குகிறது. பிரசவவலியைத் தூண்டுவது எது என்று ஆடுகளில் தேடிக்கொண்டிருந்தார் டாக்டர் லிக்கின்ஸ். ஸ்டீராய்டு செலுத்திய ஆட்டுக்குட்டி ஒன்று, நாள் கணக்குப்படி பிழைக்கவே கூடாதது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நுரையீரல் முன்கூட்டியே பக்குவப்பட்டிருந்தது! அவரும் சக டாக்டர் ஹோவியும் தாய்மார்களிடம் நடத்திய சோதனை 1972இல் வெளியானது. இன்று 24 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவ வலி வந்தால் டெக்ஸாமெத்தசோனின் முதல் டோஸைப் போட்டே அனுப்பவேண்டும் என்பது இந்தியாவின் வழிகாட்டுதல். மலிவான மருந்து, தாலுகா ஆஸ்பத்திரியிலேயே போடலாம்.

பிறந்துவிட்டால்? தாயின் வெறும் மார்போடு அணைத்து வைப்பதுதான். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த யோசனை இது. ஏழைகளுக்கான மாற்று என்று நெடுநாள் இளக்காரமாகப் பார்த்தார்கள். டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில், ஒன்று முதல் 1.8 கிலோ வரையுள்ள பிள்ளைகளை, நிலை சீராகும்வரை காத்திராமல் உடனே மார்பில் சேர்த்துப் பார்த்தார்கள். சாவு கால்பங்கு குறைந்தது என்று 2021இல் முடிவு வந்தது. பெத்த உடம்பு, கிடந்து எழும்பட்டும் என்று நம் பாட்டிமார் தடுப்பார்கள். அப்படியானால் பாட்டியே அணைத்துக்கொள்ளலாம், தகப்பனும்.

2020 கணக்கில், ஆயிரம் பிறப்புக்குக் கேரளத்தில் 6 சிசு மரணம், தமிழ்நாட்டில் 13, இந்தியாவில் 28. இவ்வளவு குறைந்தபின் மிச்சமிருக்கும் சாவுகளில் பெரும்பங்கு குறைமாதமும் பிறவிக் கோளாறும்தான்.

பிழைத்த பிள்ளை எப்படி வளர்கிறது? அதைக் கவனிக்கவே 1987இல் டாக்டர் எம்.கே.சி. நாயர் குழந்தை வளர்ச்சி மையத்தைத் தொடங்கினார். அங்கிருந்து வந்த ‘திருவனந்தபுரம் அட்டவணை’ பதினேழே கேள்விகளில் இரண்டு வயது வரையிலான வளர்ச்சியைப் பார்த்துவிடும்.

கண் விஷயம் அவ்வளவு நிதானமானதல்ல. இரண்டு கிலோவுக்குக் கீழே, அல்லது 34 வாரத்துக்குமுன் பிறந்திருந்தால் முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். மிகச் சிறியவற்றுக்கு அதற்கும் முன்பே. விழித்திரைக் கோளாறை நேரத்தில் பிடித்தால் லேசர் சிகிச்சையால் பார்வையைக் காக்கலாம். எடை ஏறிவிட்டது, பால் நன்றாகக் குடிக்கிறது, இனி எதற்கு இன்னொரு பஸ் என்று தோன்றும் சமயம் அது. டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கியதும் முதலில் தேடவேண்டியது அந்தக் கண் பரிசோதனைத் தேதியை.

(தொடரும்)