பத்து மிளகும் ஒரு பிஎச்.டி.யும்!

2020 மார்ச் 24. ராத்திரி எட்டு மணிக்கு டி.வி.யில் ஊரடங்கு அறிவிப்பு. உங்களுக்கு ஆபீஸ் வீட்டுக்கே வந்துவிட்டது. எனக்கு? நான் அப்போது உயிரியலில் நாலாம் வருஷ பிஎச்.டி. மாணவன். எட்டு மாசம் பிள்ளை மாதிரி வளர்த்த செல்களைச் சமையலறையிலா வைத்துக்கொள்ள முடியும்? அந்த வாரம் லேபைப் பூட்டும்போதே ப்ளீச் ஊற்றிக் கொன்றாயிற்று. உதவித்தொகை ஐந்து வருஷத்துக்குத்தான். அந்தக் கடிகாரம் மட்டும் நிற்கவில்லை.

வீட்டில் சும்மா இருந்தால், 'எப்பப்பா முடிப்பே?' என்பார் அப்பா. லேப்டாப்பைத் திறந்தேன். கொரோனா வைரஸின் புரத வடிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைத்தது. மிளகிலுள்ள ஒரு பொருளை அதோடு பொருத்திப் பார்த்தேன். பூட்டுக்குச் சாவி மாதிரி கச்சிதம்! திரையில்தான்.

சாதாரணமாக ஒரு கட்டுரையை ஆய்வுப் பத்திரிகைக்கு அனுப்பினால், முகம் தெரியாத நிபுணர்கள் அலசிக் காயப்போட மாசக்கணக்காகும். கொரோனா சமயத்தில் யாருக்கு அத்தனை பொறுமை? சரிபார்க்கும் முன்பே இணையத்தில் போட்டுவிடும் 'ப்ரீபிரிண்ட்' கொடிகட்டிப் பறந்தது. இயற்பியல்காரர்கள் 1991-லேயே தொடங்கிய பழக்கம். மருத்துவத்துக்கென்றே 'மெட்ஆர்கைவ்' வந்தது 2019-ல்தான். நானும் இன்னொரு தளத்தில் போட்டேன். உலகமே படிக்கலாம்!

படித்தது உலகமல்ல, சித்தப்பா. 'நம்ம பையன் மருந்து கண்டுபிடிச்சுட்டான்!' குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே கைதட்டல்.

"சித்தப்பா, அது கம்ப்யூட்டர் கணக்கு. எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கலை."

"தன்னடக்கம்டா உனக்கு. பத்து மிளகு இருந்தா பகைவன் வீட்டிலும் சாப்பிடலாம்னு சும்மாவா சொன்னாங்க!"

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, மிளகை மென்றபடி மார்க்கெட்டுக்குக் கிளம்பினார்.

செப்டம்பரில் ஆஸ்பத்திரி. ஆக்ஸிஜன்.

அங்கே அவருக்குக் கொடுத்தது டெக்ஸாமெத்தசோன். மலிவான, பழைய மருந்து. ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிகளில் மரணத்தைக் குறைக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்ட் குழு ஜூன் 16-ல் அறிவித்து, 22-ல் ப்ரீபிரிண்டாகவே போட்டது. அதுவும் அவசரக் கட்டுரைதான் சார். ஆனால் அதன் பின்னால் 6,425 நோயாளிகள் இருந்தார்கள். என் கட்டுரைக்குப் பின்னால் ஒரு லேப்டாப்!

சித்தப்பா பிழைத்தார். கட்டுரையை வாபஸ் வாங்கினேன். வாங்கினாலும் அழியாது. 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரையோடு இன்றும் நிற்கிறது. இன்டர்வியூவில் அவர்கள் கேட்கும் முன்பே நானே சொல்லிவிடுகிறேன்.

செல்களை முதலிலிருந்து வளர்த்து, 2022-ல் பட்டம் வாங்கினேன். கடைசி வருஷச் செலவு அப்பாவின் பென்ஷன்.

போன வாரம் சித்தப்பா வீட்டில் டிபன்.

"அடுத்த கட்டுரை எப்படா?"

"அனுப்பி ஏழு மாசமாச்சு. இன்னும் சரிபார்த்துக்கிட்டிருக்காங்க சித்தப்பா."

"மெதுவாவே பார்க்கட்டும்டா" என்றார், வெண்பொங்கலிலிருந்த மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்தபடி!