உள்ளேயா, வெளியேயா?

செங்கற்பட்டிலே என் சித்தி பெண் ஒருத்தி இருக்கிறாள். கொளவாய் ஏரிக் காற்று வீசும் பழைய வீடு. சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். அந்தக் காலத்தில் திருடனுக்குப் பயந்து கட்டிய சுவர். இந்தக் காலத்தில் வைஃபைக்கு வினையாக முடிந்திருக்கிறது!

அவள் வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள். ரௌட்டர் கூடத்திலே, கம்ப்யூட்டர் கடைசி அறையிலே. மாதக் கடைசியன்று இரவு, கணக்கை அனுப்பும் சமயம் பார்த்துத் தொடர்பு அறுந்தது. ஒரு முறை அல்ல, மூன்று முறை. மறுநாள் அவள் கேட்டுக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுதுவதற்கில்லை.

"அக்கா, இன்னொரு மாதம் இப்படி ஆனால் வேலை போய்விடும். கடைக்காரர் இரண்டு சாமான்களைக் காட்டுகிறார். எதை வாங்கட்டும்?" என்றாள்.

வாசக சகோதரிகளே, இதே கேள்வி நாளை உங்கள் வீட்டிலும் எழலாம். ஆகையால் விஷயத்தைச் சற்று விவரமாகவே பார்ப்போம்.

ஒன்று, யு.எஸ்.பி. அடாப்டர். வெளியிலிருந்தே செருகிவிடலாம். நகத்தளவிலும் உண்டு, கொம்பு முளைத்ததும் உண்டு. மற்றொன்று, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் துவாரத்தில் பொருத்தும் கார்டு. அதன் ஆன்டெனாக்கள் பெட்டியின் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

யோசித்துக்கொண்டே இருவரும் மாமல்லபுரத்தில் விடுதி நடத்தும் என் சிநேகிதியைப் பார்க்கப் போனோம். போகிற வழியில் குன்றின் மேல் ஏறினோம். அங்குள்ள ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் உச்சியிலேதான் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் கப்பல்களுக்காக விளக்கேற்றி வைத்தார்கள். பக்கத்திலேயே பின்னால் கட்டிய கலங்கரை விளக்கமும் நிற்கிறது. அந்த விளக்கைக் குன்றுக்குப் பின்னால் வைத்திருந்தால் கப்பலுக்குத் தெரிந்திருக்குமா?

வைஃபையும் ஒளியின் ஜாதியைச் சேர்ந்த அலைதான். செங்கல் சுவர் அதைக் களைப்படையச் செய்யும். இரும்புத் தகடோ மறித்தே விடும். நகத்தளவு அடாப்டரைப் பெட்டியின் பின்புறம் செருகி, பெட்டியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டால், அது குன்றுக்குப் பின்னால் வைத்த விளக்குத்தான்! கார்டின் ஆன்டெனாவுக்கும் அதே கதி நேரலாம். ஆகவே, எந்தச் சாமான் என்பதைவிட எந்த இடம் என்பதே முதல் கேள்வி.

அலைகளிலும் இரண்டு தினுசு உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டிச் சற்றுத் தூரம் போகும். 2005-ல் நம் அரசாங்கம் இதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று விட்டது. இன்று அண்டை வீடுகளெல்லாம் இதே பாதையில்தான் நெரிகின்றன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேயே வந்து குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது. ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

யு.எஸ்.பி.யின் சௌகரியம், பெட்டியைத் திறக்க வேண்டாம். வீடு மாறினாலும் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். குறை என்னவென்றால், சிறியவை சூடேறும். யு.எஸ்.பி. 2.0 துவாரத்தின் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். கைக்கு வருவது அதற்கும் குறைவு. 3.0 துவாரம் வேகமானது. ஆனால் அதன் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் எடுத்துக் காட்டியிருக்கிறது. இதற்குப் பரிகாரம், நீட்டிப்பு வயர் போட்டு அடாப்டரைத் தள்ளி வைப்பதுதான்.

இடம் மாறாத கம்ப்யூட்டருக்கும், பெரிய பெரிய ஃபைல்கள் அனுப்புகிறவர்களுக்கும் கார்டு ஏற்றது. ஆனால் உள்ளே துவாரம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். புளூடூத்தும் வேண்டுமென்றால், உள்ளேயே இன்னொரு வயரையும் மதர்போர்டில் சேர்க்க வேண்டியிருக்கும். விடுதிச் சிநேகிதி வைத்திருப்பது கார்டுதான். காந்த அடி வைத்த ஆன்டெனா, வயரோடு வந்து பீரோவின் தலையில் கம்பீரமாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது!

காசைச் செலவழிக்குமுன் ஒரு பரீட்சை செய்யுங்கள். கைபேசியைக் கம்ப்யூட்டர் மேஜை மேல் வைத்துப் பாருங்கள். அதிலும் வைஃபை தடுமாறினால், எந்த அடாப்டரும் உங்களைக் காப்பாற்றாது. ரௌட்டரை வீட்டின் நடுவுக்குக் கொண்டு வாருங்கள். அல்லது லான் வயர் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை அது சளைக்காது.

சித்தி பெண் வீட்டில் மேஜை மேல் கைபேசி சுகமாகவே ஓடியது. கோளாறு மேஜைக்கடியில்தான்! சுவருக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே பழைய நகத்தளவு அடாப்டர் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் நீட்டிப்பு வயர் வாங்கி, அதை மேஜை மேல் ஏற்றி வைத்தோம்.

மாதக் கடைசி வந்தது. இரவு ஒன்பது மணிக்கு அவளிடமிருந்து போன்: "அக்கா, கணக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது!"

கடைக்காரர் காட்டிய இரண்டு சாமான்களும் கடையிலேயே இருக்கின்றன.