விடுபட்டவர்களைத் தேடி வரும் தட்டம்மை

அன்று இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குள் தட்டம்மை வரும். "அம்மா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வீட்டில் தாளிப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை பள்ளிக்கூடம் போகாது. நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே, வெறும் சளியும் காய்ச்சலுமாய் இருக்கும்போதே, நோய் அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் அதைக் கண்டே வளர்ந்தார்கள். நிமோனியாவில் இறந்தவர்களும் பார்வை இழந்தவர்களும் உண்டு.

1985இல் இந்தியாவின் தடுப்பூசித் திட்டத்தில் ஒன்பதாம் மாத ஊசி சேர்ந்தது. சாவுகள் வெகுவாகக் குறைந்தன. பிறகும் ஏன் வருகிறது? ஆண்டுக்கு 1,000 குழந்தைகள் பிறக்கும் வட்டாரத்தில் 900 பேருக்கு ஊசி போட்டாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் நூற்றுக்கு 85 பேருக்குத்தான் அது பலிக்கும். காப்புப் பெற்றவர்கள் 765 பேர், பெறாதவர்கள் 235. நோயே தலைகாட்டாத நான்கு ஆண்டுகளில் இவர்கள் 940 பேராகச் சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தரக்கூடிய கிருமிக்கு அது போதும். 2010இல் இரண்டாம் தவணை வந்தது இதனால்தான்.

கணக்கு மட்டுமல்ல, தூரமும் ஒரு காரணம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்கே வந்துகொண்டிருந்த ஊசி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றப்பட்டது. குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. ஆனால் பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் தாயின் தலையில் விழுந்தன. தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005-06இல் 80.9 சதவீதம், 2015-16இல் 69.7. இந்தச் சரிவில் அந்த மாற்றத்துக்குப் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். தூரத்தோடு பயமும் சேர்ந்தது: 2017இல் தட்டம்மை-ருபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பெற்றோர் பலர் தயங்கி நின்றார்கள்.

2019-21இல் விகிதம் 89.2க்கு உயர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் தட்டம்மை மாநில சராசரியைப் பார்த்து வருவதில்லை. 2022இல் மும்பையில் அது பற்றிக்கொண்டது நெருக்கமான கோவண்டிக் குடிசைகளில். ஒடிசாவிலிருந்து திருவள்ளூர்ச் செங்கல் சூளைக்கு வரும் குடும்பத்தின் குழந்தைக்கு முதல் ஊசி அங்கே, இரண்டாவதற்கு நாள் வரும்போது இருப்பு இங்கே. நர்சம்மாவின் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பாராமல், ஊசிப் பெட்டி அந்தச் சூளைக்கே போக வேண்டும்.