மய்லும் விசையும்: இப்னு சீனாவுக்கும் நியூற்றனுக்கும் இடையில்

நியூற்றனின் முதலாம் இயக்க விதியை 650 வருடங்களுக்கு முன்பே இப்னு சீனா சொல்லிவிட்டார் என்ற பேச்சு நம்மிடையே அடிக்கடி கேட்கிறது. மீலாத் மேடைகளிலும் பாடசாலை மலர்களிலும் அது வருகிறது; பிள்ளைகளும் அப்படியே எழுதுகிறார்கள். வருடக் கணக்கு சரிதான். இப்னு சீனா 1037இல் வபாத்தானார். நியூற்றனின் 'பிரின்சிப்பியா' வெளிவந்தது 1687இல். ஆனால் இருவரும் சொன்னது ஒரே விஷயம்தானா? இல்லை. எந்த இடத்தில் ஒத்துப்போகிறார்கள், எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று பார்த்தால், தரம் 10 விஞ்ஞானத்தில் நம் பிள்ளைகள் தடுமாறும் இடமும் பிடிபடும்.

எல்லாம் ஒரு சின்னக் கேள்வியில் தொடங்குகிறது. எறிந்த கல், கையை விட்ட பிறகும் ஏன் போய்க்கொண்டே இருக்கிறது? மாட்டு வண்டியை மாடு இழுக்கும்வரை வண்டி ஓடும். மாடு நின்றால் வண்டியும் நிற்கும். ஆகவே எந்த அசைவுக்கும் பக்கத்தில் ஒரு 'அசைப்பவன்' இருந்தாக வேண்டும் என்றார் அரிஸ்டோட்டில். அப்படியானால் ஆகாயத்தில் போகும் கல்லை அசைப்பது யார்? சுற்றியுள்ள காற்றுத்தான் தள்ளுகிறது என்று சமாளித்தார். 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த யோவான் பிலோபோனஸ் இதை ஏற்கவில்லை. அம்புக்குப் பின்னால் எவ்வளவு காற்றைக் கிளப்பினாலும் அது ஒரு முழம்கூட நகராதே என்று கேட்டார். எறிபவன் கல்லுக்குள்ளேயே ஏதோ ஒன்றை ஏற்றி அனுப்புகிறான் என்பது அவருடைய பதில்.

இந்த வழியில் வந்தவர்தான் இப்னு சீனா. 'கிதாபுஷ் ஷிபா' என்ற தன் பெரிய நூலில் (பெயரைப் பார்த்து இதை வைத்திய நூல் என்று நினைப்பவர்கள் பலர், இது தத்துவமும் இயற்கை அறிவும் பற்றியது) கல்லுக்குள் ஏறும் அந்த 'ஏதோ ஒன்றை' மய்ல் என்றார். சாய்வு, நாட்டம் என்று பொருள். தமிழில் 'மைல்' என்று எழுதினால் தூரக் கணக்காகிவிடும் என்பதால் இப்படி எழுதுகிறேன். கல் தானாகக் கீழே விழுவது இயற்கையான மய்ல். நாம் பலவந்தமாக மேலே எறிவது 'கஸ்ரீ' மய்ல்.

அவர் வைத்த அடுத்த அடிதான் முக்கியமானது. பிலோபோனஸ் சொன்ன உந்துதல் தானாகவே கரைந்து போகும். இப்னு சீனாவோ, மய்ல் தானாகத் தேயாது, எதிர்ப்புத்தான் அதைத் தேய்க்கிறது என்றார். காற்றோ வேறு தடையோ இல்லாத வெற்றிடத்தில் எறிந்தால் கல் ஒருபோதும் நிற்காது. கேட்டவுடன் நியூற்றனின் குரல் போலத்தான் இருக்கிறது. ஆனால் இதை வைத்து அவர் எடுத்த முடிவு வேறு. நிற்காத இயக்கம் நடக்கக்கூடியதல்ல, ஆகவே வெற்றிடம் என்று ஒன்று கிடையாது என்றார். கதவை வந்து தொட்டவர் உள்ளே போகவில்லை. அவர் நடக்காது என்று தள்ளியது இன்று நம் கண்முன் நடக்கிறது. 1977இல் ஏவப்பட்ட வொயேஜர் 1, முன்தள்ளும் எஞ்சின் ஏதுமின்றி இன்னும் சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது.

இன்னொரு பெரிய வித்தியாசமும் உண்டு. இப்னு சீனாவுக்கு, ஓடும் பொருளை ஓட வைக்கும் காரணம் அதற்குள்ளேயே இருக்கிறது. நியூற்றனுக்கு, நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போவதற்குக் காரணமே தேவையில்லை. ஓய்வு எப்படியோ அதுவும் அப்படியே. வேகம் மாறினால் மட்டும்தான் காரணம் கேட்க வேண்டும். அந்தக் காரணத்தின் பெயர்தான் விசை. கரம் போட்டில் பவுடர் போடுவது ஏன்? காய்க்குக் கூடுதல் விசை கொடுக்கவா? இல்லை, அதை நிறுத்தும் உராய்வைக் குறைக்க. பவுடர் கூடக் கூடக் காய் தூரம் போகும். உராய்வு முழுதாக இல்லையென்றால் பலகையின் விளிம்புவரை வேகம் குறையாமலே போகும்.

வகுப்பில் ஒரு பந்தை மேலே எறிந்து, அது மேலே போய்க்கொண்டிருக்கும்போது தாக்கும் விசைகளைக் குறிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போடுவார்கள். ஏன் என்றால், "எறிஞ்ச விசை பந்துக்குள்ள இரிக்கிதே சேர்" என்பார்கள். இதை மடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். இது அச்சொட்டாக மய்ல். மிகப் பெரிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் நின்ற இடத்தில் பிள்ளை நிற்கிறது. காற்றின் தடையை விட்டுவிட்டால் சரியான விடையில் ஒரேயொரு அம்புக்குறிதான்: கீழ்நோக்கிய நிறை. மேலே போகும்போதும் அதுதான், கீழே வரும்போதும் அதுதான், உச்சியில் வேகம் பூச்சியமாகும் அந்தக் கணத்திலும் அதுதான்.

அந்த உச்சியைப் பற்றியே ஒரு விவாதம் நடந்திருக்கிறது. மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் நடுவில் கல் சற்று ஓய்ந்து நிற்கும் என்பது இப்னு சீனாவின் கட்சி. 12ஆம் நூற்றாண்டின் அபுல் பரகாத் அல்பக்தாதி அதை மறுத்தார். இரண்டு மய்ல்களும் ஒரே கல்லில் ஒரே நேரத்தில் இருக்கலாம், ஒன்று தேயத் தேய மற்றது மேலோங்கும், நடுவில் ஓய்வு எதற்கு என்றார். 'கிதாபுல் முஃதபர்' என்ற நூலில் இன்னுமொன்று சொன்னார். விழும் கல்லுக்குள் மய்ல் மேல் மய்லாகச் சேர்ந்துகொண்டே போவதால்தான் அதன் வேகம் கூடுகிறது. விடாமல் தாக்கும் விசை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் என்ற இரண்டாம் விதியின் வாசனை இதில் அடிக்கிறது. வாசனை மட்டும்தான். ஆர்முடுகல் விசைக்கு நேர்விகிதசமன், திணிவுக்கு நேர்மாறு விகிதசமன் என்ற கணக்கு அதில் இல்லை. என் பார்வையில், இல்லாத கணக்கை இருந்ததாகச் சொல்லி அவரைப் பெரிதாக்க வேண்டியதில்லை. இருப்பதே போதிய பெரிது.

சொற்களும் சில நேரம் காலை வாரிவிடும். இலங்கைப் பாடநூலில் 'நிறை' என்றால் பூமி இழுக்கும் விசை. பொருளில் அடங்கிய அளவு 'திணிவு'. தமிழ்நாட்டுப் பாடநூலில் 'நிறை' என்பதே நம்முடைய திணிவு. நம்முடைய நிறையை அவர்கள் 'எடை' என்பார்கள். ஆர்முடுகல் அங்கே முடுக்கம். சடத்துவம் அங்கே நிலைமம். தமிழ்நாட்டு வீடியோ பார்த்துப் படிக்கும் பிள்ளைக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சடத்துவம் என்ற சொல்லில் நமக்கு ஓர் அதிர்ஷ்டமும் இருக்கிறது. நியூற்றனே அதைப் 'பொருளுக்குள் உறையும் விசை' என்ற கருத்தில் வரும் லத்தீன் தொடராலும் குறிப்பிட்டார். தான் கைவிட்ட பழைய எண்ணத்தின் சொல்லை அவராலேயே முழுதாகக் கைவிட முடியவில்லை. நமது சொல்லில் விசை என்ற பேச்சே இல்லை.