கொழும்பு நகரின் மூன்று மனைகள்

ஒரு மனையின் அமைப்பு அதனைக் கட்டியோரின் செல்வத்தை மட்டுமன்றி, அது நின்ற நிலத்தின் நிலையையும் உணர்த்தும். கொழும்பிலே கறுவாத்தோட்டத்தையும் கொள்ளுப்பிட்டியையும் சார்ந்த மூன்று மனைகளின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலமே பிற்காலத்திற் கறுவாத்தோட்டம் என்னும் குடியிருப்பாயிற்று. 1833 இல் ஆங்கில அரசு கறுவாத் தனியுரிமையைக் கைவிட்டது. பின்னர், கோப்பி, தென்னை முதலிய தோட்டங்களாற் பொருளீட்டியோர் இப்பகுதிகளில் அகன்ற வளவுகளை உடையராயினர். அவருள் தலையாயவர் சாள்ஸ் ஹென்றி டி சொய்சா (1836-1890). விக்டோரியா மகாராணியாரின் மைந்தரான அல்பிரட் இளவரசர்க்கு அவர் 1870 இல் விருந்தளித்தார். அதன் நினைவாகப் பகதலை என வழங்கிய அவரது மனை அல்பிரட் மாளிகை எனப் பெயர் பெற்றது. காலப்போக்கில் வளவு துண்டுகளாகப் பிரிந்தது, மாளிகையும் மறைந்தது. இன்று அதனை நினைவூட்டுவன தெருப்பெயர்களே.

அவர் மைந்தர் தோமஸ் ஹென்றி ஆதர் டி சொய்சா 1912 இல் எழுப்பிய மனை, மனைவியார் பெயரால் ரெஜினா வலவ்வ எனப்பட்டது. தெருவினின்றும் ஒதுங்கி, வெளிநோக்கி நிற்கும் மாளிகை அது. 1920 இல் அரசாங்கம் அதனை வாங்கியது. 1921 இற் பல்கலைக்கழகக் கல்லூரி அங்கே தொடங்கிற்று. கல்விப்பணி வாய்த்தமையால் அம்மனை கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உடைமையாக இன்றும் நிலைத்துள்ளது.

மூன்றாவது, துணியோவியக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காக ஜெவ்ரி பாவா அல்பிரட் பிளேசில் 1960-1962 இல் அமைத்த வீடு. நிலம் குறுகவே, வீடு உள்நோக்கித் திரும்பியது. புறத்தே மதில், நடுவே முற்றம், அதனைச் சூழ அறைகள் என்பதே அதன் அமைப்பு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை அறிந்தோர்க்கு இது புதிதன்று. 2009 இல் அவ்வீடு கழற்றப்பட்டது. உறுப்புகள் இலக்கமிடப்பட்டுப் பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கைத் தோட்டத்திலே மீளப் பொருத்தப்பட்டன. கல்லும் மரமும் பிழைத்தன. எனினும், நெருங்கிய நகரத்துக்கென வகுத்த முற்றம் இன்று பரந்த சோலையின் நடுவே நிற்கின்றது. அவ்வடிவம் தோன்றிய காரணத்தை இனி எழுத்தாலேயே விளக்கல் வேண்டும்.

ஆகவே, உடையவர் செல்வம் மனையைக் காப்பதில்லை. ஏற்றதொரு புதிய பணியே காக்கின்றது. அதுவும் வாய்க்காதவிடத்து, இடிக்குமுன் அளந்து வரைந்து வைத்தலேனும் இன்றியமையாதது. நம் ஊர்களில் எஞ்சியுள்ள நாற்சார் வீடுகளுக்கு அவ்வுதவியைச் செய்யும் ஆற்றல் ஒவ்வொரு கல்லூரி மாணவர்க்கும் உண்டு.