சாட்சி சொன்ன நாளுக்குக் கூலி

பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்குப் போய்விடலாம். டிக்கெட் பெரிய செலவில்லை. அன்றைய கூலி போய்விடுகிறதே, அதுதான் செலவு. துப்புரவுப் பணியிலோ வீட்டு வேலையிலோ இருப்பவர் சம்மனைக் காட்டி லீவு கேட்டால், 'போயிட்டு வா, சம்பளம் கிடையாது' என்பார்கள். போனால் அங்கே வாய்தா. நாலு முறை அலைந்தவர் ஐந்தாம் முறை வராவிட்டால் பழி அவர்மீதுதான்.

அரசு ஊழியர் அரசுத் தரப்புச் சாட்சியாகப் போனால் அது பணி நாள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் வன்கொடுமை வழக்கு என்றால், 1995-ம் ஆண்டு விதிகளில் 11-வது விதி இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு, சாப்பாட்டுச் செலவு, விவசாயத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத தினப்படி. போலீஸ் விசாரணைக்குப் போனாலும் உண்டு. மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும். 2016 முதல் சட்டத்தின் 15ஏ பிரிவிலும் இது உரிமை. விவசாயக் கூலி பல்லாவரத்துக் கூலிக்கு ஈடாகாதுதான். வெறுங்கையோடு திரும்புவதற்கு மேல்.

கேட்காமல் யாரும் தரப்போவதில்லை. சம்மன் நகலையும் நீதிமன்றத்தில் வாங்கிய வருகைச் சான்றையும் மனுவோடு இணைத்து, தாம்பரம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள்.