ஊர்ப்பெயரும் இணையப்பெயரும்

மாமல்லபுரத்தை ஐரோப்பிய மாலுமிகள் 'ஏழு பகோடாக்கள்' என்று வழங்கினர். அப்பெயர் மட்டுமே அறிந்த ஒருவர் செங்கற்பட்டுப் பேருந்து நிலையத்தில் நின்று வழி கேட்பாராயின் யார் விடை கூறுவர்? திருக்கழுக்குன்றம் வழியே சாலை உண்டு, பேருந்தும் உண்டு. சொன்ன பெயர் எந்த ஊரைக் குறிக்கும் என்று எடுத்துரைப்பார்தாம் இல்லை.

லினக்ஸ் கணிப்பொறியில் இணையதளம் திறவாதபோது பலவேளை நிகழ்வதும் இதுவே. கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன; மனிதர் பெயரால் அழைக்கின்றனர். தொடக்கத்தில் எல்லாப் பெயர்களும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ஒரே கோப்பில் பேணப்பட்டன. கணிப்பொறிகள் பெருகவே, அப்பொறுப்பைப் பல சர்வர்கள் பகிர்ந்துகொள்ளும் டொமைன் பெயர் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தார். '.இந்தியா' எனத் தமிழெழுத்தில் முடியும் முகவரிகளும் இன்று அம்முறையில் அடங்கும்.

உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளில் தளம் திறவாவிடில், இணைப்பே அறுந்தது என்றெண்ணி மாணவர் எழுந்து போய்விடுகின்றனர். சாலைப் பழுதா, பெயர்ப் பழுதா என்று முதலில் பிரித்தறிதல் வேண்டும். 8.8.8.8 என்னும் எண்ணுக்குப் 'பிங்' கட்டளை விடுக்க. மறுமொழி வருமாயின் சாலை நன்றாயுள்ளது. (சில வலையமைப்புகள் பிங்கைத் தடுத்து வைத்திருக்கும், அங்கே மறுமொழியின்மையைச் சான்றாகக் கொள்ளலாகாது.) பின்னர்த் தளத்தின் பெயருக்கு அதே கட்டளையை விடுக்க. எண்ணுக்கு விடை வந்து, பெயரை அறிய இயலவில்லை என்று கட்டளை கூறுமாயின், பழுது பெயரறியும் இடத்திலேயே உள்ளது.

அந்நிலையில் 'இடிசி' அடைவிலுள்ள 'ரிசால்வ்.கான்ஃப்' கோப்பு, எந்த சர்வரிடம் வினவப்படுகின்றது என்பதைக் காட்டும். 127.0.0.53 என்றிருப்பின் மருள வேண்டா. அது கணிப்பொறிக்குள்ளேயே அமர்ந்துள்ள இடையாள். அவ்விடையாள் யாரிடம் கேட்கின்றான் என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்னும் கட்டளை உணர்த்தும். இத்தகைய கணிப்பொறிகளில் அக்கோப்பைக் கையால் திருத்துவது வீண்வேலை. அது தானே மீண்டும் எழுதப்பட்டுவிடும். வலையமைப்பின் அமைப்புகளில்தான் திருத்த வேண்டும்.

இன்னொரு பழுது நுட்பமானது. 'டிக்' கட்டளை சரியான எண்ணைத் தரும். உலாவியோ வேறெங்கோ செல்லும். டிக் நேரே சர்வரிடம் கேட்பது. உலாவி பெரும்பாலும் 'ஹோஸ்ட்ஸ்' என்னும் உள்ளூர்க் கோப்பின் சொல்லையே முதலில் நம்பும். எவரோ என்றோ எழுதிவைத்த பழைய எண் அதில் கிடக்கக்கூடும். 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' என்னும் கட்டளையோடு தளத்தின் பெயரையும் இட்டுப் பார்க்க. அதன் விடை டிக் தந்ததோடு முரண்படின் அக்கோப்பைத் திறந்து நோக்குக. பழைய வரி இருப்பின் நீக்குக.

கோவளம் என்றால் நமக்குத் தமீம் அன்சாரி தர்கா அமைந்த ஊர். கேரளத்தார்க்கு வேறொரு கடற்கரை. கணிப்பொறியிலும் குறும்பெயர் இவ்வாறே மயக்கும். ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் 'சர்ச்' வரியிலுள்ள பின்னொட்டை அதனோடு சேர்த்துத் தேடும். முழுப்பெயரை எழுதி இறுதியில் ஒரு புள்ளியும் இட்டால் அப்பின்னொட்டுச் சேராது.